எண்பத்து மூன்று ஆப்பிள்

காய் எண்ணுகிற வேலைக்கு வருகிறவன் முதல் நாளே மனதில் எழுதிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: அந்தக் காய் அவன் வாய்க்கு இல்லை. மாந்தோப்புக் காவல், தேங்காய்க் களம், பருத்திப் பொதி என்று எதையாவது எண்ணியே காலம் தள்ளிய அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை தப்பினால் எண்ணியவன் தலையில் விடியும். சரியாக வந்தால் அது மரத்தின் பெருமை. நான் எண்ணியது ஆப்பிள். போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்தின் நடுவே, ஐம்பதுகளில் ஒரு வருஷம்.

சித்திரை பதினைந்தாம் தேதி காலையில் அந்த மேட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஒன்று, கீழ்நாட்டிலிருந்து வந்த பழ ஆராய்ச்சி ஆபீசர். இரண்டு, தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. வாயில் வெற்றிலை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. மூன்று, ஏலக்காய் பறிக்கும் பெண்களுக்குத் தலைவியான முத்தம்மா. நான்கு, ஜீப் டிரைவர் பாப்பச்சன். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள், பேச்சில் பாதி மலையாளம். ஐந்தாவது நான், சின்னச்சாமி, ஊர் சிலமலை, படிப்பு ஐந்தாம் வகுப்பு. இவர்கள் தவிர ஆப்பிள் மரங்கள் ஏழு. காய்த்தவை இரண்டு. காய்கள் எண்பத்து மூன்று. மூன்று தடவை எண்ணினேன்.

ஆபீசர் பார்க்க வந்தது ஆப்பிளின் துவர்ப்பை. கடுக்காயிலும் தேயிலையிலும் பாக்கிலும் இருக்கிற அதே வகைச் சரக்கு ஆப்பிளிலும் இருக்கிறதாம். பிஞ்சைப் பூச்சியும் அழுகலும் அண்டாமல் காப்பது அதுதானாம். அவர் அதை டானின் என்றார். இப்போது பத்திரிகைகளில் பாலிபீனால் என்றும் ஆன்டி ஆக்சிடன்ட் என்றும் பெயர் போட்டு, உடம்புக்கு நல்லது என்று எழுதுகிறார்கள். அன்று எங்களுக்கு அது வெறும் துவர்ப்பு. பிஞ்சு காயாகி, காய் பழமாகும்போது அது எவ்வளவு குறைகிறது, எங்கே போய்த் தங்குகிறது என்று பார்க்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு தவணை. தவணைக்கு எட்டுக் காய். வெட்டி, வெட்டிய முகம் பழுப்பாக எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். இரும்பு உப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டு, எவ்வளவு கறுக்கிறது என்று பார்க்க வேண்டும். தோலைச் சீவி, ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு அவர் எடுத்துப் போவார். மொத்தம் ஏழு தவணை, தாளில் ஏழு கட்டம். ஏழெட்டு ஐம்பத்தாறு. இருபத்தேழு காய் உபரி. தாராளம் என்று நினைத்தேன்.

எனக்கு இதில் என்ன என்று கேட்கலாம். எனக்குக் கண். அதற்கு முன் பதினொரு வருஷம் நான் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். அந்தப் புகையில் இன்னும் இரண்டு வருஷம் நின்றால் வலது கண் போய்விடும் என்று போடியில் டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் ஆபீசருக்கு எண்ணத் தெரிந்த ஆள் ஒருவன் வேண்டியிருந்தது. முதலாளி சம்மதித்தார். அவர் சம்மதித்த விதத்தை அன்று எல்லோர் முன்னிலையிலும் கணக்குப்பிள்ளை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "ஆப்பிள் சோலி இருக்கிற வரைக்கும் நீ இங்க இரு அப்பு. சோலி இல்லேன்னா மரத்தை வெட்டிட்டு ஏலச்செடி வச்சுருவோம், நீ திரும்ப ஸ்டோருக்கு."

கறுத்த காய்

முதல் தவணையிலேயே ஆபீசர் கத்தியைக் கீழ்நாட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். பெட்டியில் பாட்டில் இருந்தது, கரைசல் இருந்தது, கடிகாரம் இருந்தது. நான் இடுப்பில் செருகியிருந்த இரும்புக் கத்தியைக் கல்லில் நன்றாகத் தீட்டி நீட்டினேன். காய் அப்போது பெருநெல்லி அளவு. ஆபீசர் ஒன்றை இரண்டாக வெட்டினார். கடிகாரத்தை எடுப்பதற்குள் வெட்டிய முகம் மை கொட்டியது போல் நீலக் கறுப்பாகிவிட்டது. பழுப்புத்தான் வரும் என்று எதிர்பார்த்தவர் கடிகாரத்தை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார். மலைக் குளிரில் விளைந்த ஆப்பிளுக்கு ஏதோ தனிக் குணம் இருக்கிறது என்று அரைப் பக்கம் எழுதினார். நான் அவர் எழுதுவதை மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

முத்தம்மா காயைப் பார்க்கவில்லை, கத்தியைப் பார்த்தாள். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சுகிற ஊரில் பிறந்தவளுக்கு அது போதும். எழுந்து போய் ஒரு மூங்கிலைப் பிளந்து, கூரான சிலாம்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதனால் வெட்டிய அடுத்த காய், ஆபீசரின் புத்தகத்தில் இருந்தபடியே, ஒழுங்காகப் பழுப்பானது. அரைப் பக்கத்தையும் அவர் குறுக்கே அடித்தார். ஒரு காய் வீண். எட்டுக்கு ஒன்பது போயிற்று. மரத்தில் எழுபத்து நான்கு. முத்தம்மா தன் வேலைக்குத் திரும்பும்போது சொன்னாள்: "வாழைக்காய் அரிஞ்ச பொம்பளை யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பா சார், கறுத்தது காயில்ல, கத்தின்னு."

வெள்ளையாகவே இருந்த எட்டு

அந்தப் பதினைந்து நாளில் காற்று எட்டுக் காயைத் தள்ளிவிட்டது. காற்றோடு வழக்குப் பேச முடியாது. உதிர்ந்தவற்றைப் பொறுக்கி, எண்ணி, எழுதினேன். வைகாசி முதல் தேதி இரண்டாம் தவணை. ஆபீசர் இந்த முறை மறக்காமல் துருப்பிடிக்காத கத்தி கொண்டுவந்திருந்தார். நான் வெட்டி வெட்டிக் கொடுக்க, முத்தம்மா தட்டில் வாங்கிப் போய் மேசையில் வைத்தாள். ஆபீசர் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷம், இருபது, நாற்பது. துண்டுகள் அப்படியே மல்லிகைப்பூவாக இருந்தன. பிஞ்சு வளர்ந்த பதினைந்து நாளில் துவர்ப்புச் சரக்கு மொத்தமும் மறைந்துவிட்டது என்று அவர் முடிவுகட்டி, மேலதிகாரிக்குக் கடிதம் எழுதக் காகிதம் எடுத்தார்.

காரணம் எனக்குத் தெரியும். முத்தம்மா மேசைக்குப் போகிற வழியில், கஞ்சிக்கு வைத்திருந்த மோர்த்தண்ணியில் ஒவ்வொரு துண்டையும் ஒரு முக்கு முக்கி எடுத்ததை நான் பார்த்தேன். வாழைப்பூவை அப்படித்தானே செய்கிறோம். ஆனால் ஆபீசரிடம் நேரே பேசி எனக்குப் பழக்கமில்லை. கூச்சம். பாப்பச்சனிடம் சொன்னேன், அவன் போய்ச் சொன்னான். அதற்குள் கடிதத்தில் நான்கு வரி ஆகியிருந்தது. எட்டும் கழிவு, வேறு எட்டுப் பறிக்க வேண்டியதாயிற்று. ஒரே நாளில் பதினாறு காய். மரத்தில் ஐம்பது. உபரியில் பதினேழு போய்ப் பத்துதான் மிச்சம். முத்தம்மாவிடம், ஏன் ஆத்தா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "சீமைப் பழம் நம்ம கையில வந்து கறுத்துப்போனா, பாக்கிறவுக நம்மளை என்ன நினைப்பாக. அதான் முக்குனேன்ணே."

மூன்று நாக்கு

மூன்றாம் தவணையிலிருந்து நாக்குச் சோதனையும் சேர்ந்தது. துவர்ப்பே இல்லை என்றால் பூஜ்யம், தாங்க முடியவில்லை என்றால் ஐந்து. சுவை பார்க்க மூன்று பேர்: முத்தம்மா, பாப்பச்சன், கணக்குப்பிள்ளை. எண் எழுதுகிறவன் நாக்கு நடுநிலையாக இருக்க வேண்டும் என்பதால் எனக்குத் துண்டு கிடையாது. முத்தம்மா ஒரு கடி கடித்து, முகத்தைச் சுளித்து, துப்பிவிட்டு ஐந்து என்றாள். நாள் முழுக்கப் பால் விடாத கட்டன் சாயா குடிக்கிற பாப்பச்சன் மூன்று என்றான். கணக்குப்பிள்ளை ஒரு முழுக் காயையும் பாக்குக் கடிப்பது போல் கடித்து மென்றுவிட்டு, "ஒண்ணு போடு," என்றார்.

ஆபீசருக்கு இந்த ஐந்தும் ஒன்றும் ஒரே கட்டத்தில் உட்காருவது பிடிக்கவில்லை. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது: பாக்கிலும் இதே துவர்ப்பு. இருபத்தெட்டு வருஷம் பாக்கில் ஊறிய நாக்குக்கு ஆப்பிள் எம்மாத்திரம். மறுநாள் காலை வெற்றிலை போடாமல் வரும்படி ஆபீசர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். கணக்குப்பிள்ளை வந்தார். அன்று காலை அவர் திட்டாத ஆள் தோட்டத்தில் இல்லை. பத்து மணிக்கு வாயை மூன்று தடவை கொப்பளித்து, முந்தின நாள் வைத்திருந்த காயில் ஒரு துண்டு கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐந்து என்று விரலைக் காட்டிவிட்டு மடியில் வெற்றிலைப் பையைத் தேடினார். நான் மரத்தில் நாற்பத்திரண்டு என்று எழுதி முடிக்கும்போது, வாயை நிரப்பிக்கொண்டு அவர் சொன்னார்: "நாக்கு இருக்கிறதே மறந்துபோயிருந்தேன் அப்பு. மறந்திருந்ததுதான் நல்லது."

எட்டுக் கடி

ஆனி முதல் தேதி நான்காம் தவணை முடிந்து மரத்தில் முப்பத்து நான்கு. அன்றைக்கு நான்காம் நாள் குரங்குகள் வந்தன. குரங்கு பலாவை வீணாக்காது, கொய்யாவை வீணாக்காது. ஆப்பிள் அதற்குப் புதுசு. ஒன்று பறித்துக் கடித்தது, துப்பியது, எறிந்தது. அந்த ஒரு காய்தான் சரியில்லை, பக்கத்துக் காய் நன்றாயிருக்கும் என்று நினைத்ததோ என்னவோ, அடுத்ததைப் பறித்துக் கடித்தது. மற்றவையும் அதேபோல. நான் கல்லை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கீழே எட்டுக் காய் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கடி. எதையும் ஒரு குரங்கும் இரண்டாம் கடி கடிக்கவில்லை.

அடுத்த முறை வந்த ஆபீசரிடம் பாப்பச்சன் மூலமாக இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அந்த எட்டுக் கடியையும் பல் ஆழத்தோடு குறித்துக்கொண்டார். துவர்ப்பு எதற்காக இருக்கிறதோ அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்திருக்கிறது என்றார். எனக்கு அதில் சந்தோஷப்பட முடியவில்லை. இன்னும் மூன்று தவணை, இருபத்து நான்கு காய் வேண்டும். மரத்தில் இருபத்தாறு. உபரி இரண்டே இரண்டு. பாப்பச்சன் கடிபட்ட காய்களை வரிசையாக வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "குரங்கன்மாரும் எட்டெண்ணம்தான் எடுத்தது சேட்டா. அவங்களுக்கும் ஒரு ஆபீசர் உண்டோ?"

மைப் பொட்டு

ஆனி பதினாறு, ஐந்தாம் தவணை, மரத்தில் பதினெட்டு. காய் இப்போது கையில் அடங்காத அளவு. வெட்டினால் பழுப்பாக, ஒரு வாய் வெற்றிலை மென்று முடிக்கிற நேரம் ஆயிற்று. துவர்ப்பு எங்கேயும் போய்விடவில்லை, ஒரு கை உப்பைப் போட்ட பானையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் கரிப்பு இளகுமே, அதுபோலத்தான், காய் பெருக்கப் பெருக்க அது பரவி மெலிகிறது என்றார் ஆபீசர். ஆனால் தோல் மட்டும் தன் பங்கை விடுவதில்லை. கடைசியில் வெயில் பட்டுத் தோல் சிவப்பதும் அதே குடும்பத்துச் சரக்குதான் என்று சொல்லி, அதைப் பார்ப்பதற்காக இரண்டு காய்க்கு வெயில் படாமல் கறுப்புத் துணிப் பை கட்டச் சொன்னார். கட்டினேன்.

ஆடி முதல் தேதி ஆறாம் தவணைக்கு வந்தவர் பைகளை அவிழ்த்தார். உள்ளே வெளுத்த பச்சை. வெளியே இருந்தவை சிவந்திருந்தன. அவருக்குத் திருப்தி. பிறகு மற்ற காய்களைக் கையில் எடுத்துத் திருப்பினார். பதினாறு காயிலும், சிவந்த கன்னத்தின் நடுவே, காலணா அளவுக்கு வட்டமாகக் கறுத்த பொட்டு. பூச்சி இல்லை, நோய் இல்லை. துடைத்தால் விரலில் கறுப்பு ஒட்டியது, அடியில் தோல் பச்சையாக இருந்தது. ஆமணக்கெண்ணெயில் குழைத்த கண்மை. பை கட்டியதைப் பார்த்த முத்தம்மாவும் பறிகாரப் பெண்களும் அது கண்ணேறுக்கு என்று நினைத்து, விடுபட்ட பதினாறுக்கும் ஆளுக்கு நாலாகப் பொட்டு வைத்திருக்கிறார்கள். மை இருந்த இடத்தில் வெயில் இறங்கவில்லை. ஆபீசர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். பையில் இருந்த இரண்டையும் பொட்டு வைத்த ஆறையும் பறித்துக்கொண்டார். மரத்தில் பத்து. முத்தம்மா மட்டும் சிரிக்கவில்லை: "ரெண்டுக்கு மட்டும் துணி கட்டிட்டுப் போனீக. மத்ததுக்கு வேற யாரு இருக்கா?"

நல்ல பருவம்

இப்போது ஏலக்காய் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். ஏலக்காயைப் பழுக்க விட மாட்டார்கள். உள்ளே விதை கறுத்து, மேல்தோல் பச்சையாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். பழுத்துவிட்டால் ஸ்டோரில் வெடிக்கும், நிறம் போகும், அப்புறம் அது கழிவு. மலையில் பறிகாரப் பெண்களுக்கு இது பால்குடியிலிருந்தே தெரியும். பழுத்த காயை விட்டுவைத்தவள் என்ற பேச்சை எந்தப் பெண்ணும் தாங்கமாட்டாள்.

ஆடி நான்காம் தேதி கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க நான் பாப்பச்சனோடு ஜீப்பில் போடிக்கு இறங்கினேன். சாயங்காலம் திரும்பியபோது என் குடிசை வாசலில் ஒரு கூடை. ஏல இலை போட்டு மூடியிருந்தது. திறந்தேன். ஆப்பிள் ஒன்பது. ஒவ்வொன்றிலும் மை போன இடத்தில் பச்சைப் பொட்டு. முத்தம்மா பக்கத்தில் நின்றாள், முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அன்றுதான் ஏலத்துக்கு முதல் பறிப்பு தொடங்கியிருந்தது. போகிற வழியில் ஆப்பிளைப் பார்த்தாளாம். இன்னும் இரண்டு மழை பெய்தால் பழுத்து வெடித்துவிடும், அப்புறம் அண்ணன் பாடு ஸ்டோர்ப் புகைதான் என்று நினைத்தாளாம். தன் ஏலப் பறிப்பை அரை மணி நேரம் நிறுத்திவிட்டு, காம்பு முறியாமல் எனக்காகப் பறித்திருக்கிறாள்.

ஏழாம் கட்டத்துக்குப் பழுத்த பழம் எட்டு வேண்டும். அது ஒன்றுக்காகத்தான் சித்திரையிலிருந்து இத்தனையும். கட்டம் ஏழும் நிரம்பினால் அடுத்த வருஷமும் சோலி தொடரும் என்பது என் கணக்கு. ஆபீசர் பார்த்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இறங்கிவிடுவார், மறுநாள் நான் விறகோடு ஸ்டோரில் நிற்பேன் என்று எனக்குத் தோன்றியது. அவளைத் திட்ட வாய் வரவில்லை. எத்தனை விட்டிருக்கிறாய் என்று மட்டும் கேட்டேன். "ஒண்ணு மட்டும் அடிக்கிளையில இன்னும் இளசா இருந்துச்சு. இளசைப் பறிக்கிறது பாவம்ல, விட்டுட்டேன்ணே."

ஒற்றைப் பழம்

அந்த இளசுக்குப் பன்னிரண்டு நாள் காவல் இருந்தேன். மழைக்குத் தலையில் போட்டிருந்த என் கொங்காணியை அவிழ்த்துக் கிளைக்குமேல் கட்டினேன்; நான் நனைந்தேன். வெயில் வந்தால் கொங்காணியை விலக்கினேன். குரங்குக்குத் தகரம் தட்டினேன். நிழலில் கிடந்த பழம், சிவக்க மனசில்லாமல் சிவந்தது.

கூடையில் இருந்த ஒன்பதையும் என்ன செய்வது என்று யோசித்தேன். பறித்தவை பறித்தவையே, ஆனால் எண்ணிக்கையில் வந்த காயைக் கணக்கில்லாமல் விட எனக்கு முடியாது. வைக்கோலில் வைத்து, ஐந்தாம் தேதி முதல் நாளுக்கு ஒன்றாக வெட்டினேன். ஆபீசர் எனக்கு விட்டுப்போயிருந்த கடிகாரத்தில் நேரம் பார்த்தேன். அவர் விட்டுப்போன கரைசலிலும் ஒரு சொட்டு விட்டேன். முத்தம்மாவிடம் ஒரு துண்டு கொடுத்து எண் கேட்டேன். வாசனை வந்தது, சதை மாவு போல் ஆனது. துவர்ப்பு மட்டும் பறித்த அன்றைக்கு நின்ற இடத்திலேயே ஏறக்குறைய நின்றது. பதின்மூன்றாம் தேதியோடு ஒன்பதும் தீர்ந்தன. ஒன்பது வரி எழுதியிருந்தேன். யாரும் கேட்காத ஒன்பது வரி.

மற்ற நேரமெல்லாம் மரத்தடியில் நின்று எண்ணினேன். ஒன்று. காலையில் ஒன்று, உச்சியில் ஒன்று, மாலையில் ஒன்று. எண்ணும் தொழிலில் இருந்த அன்பர்களுக்கு இந்த வியாதி புரியும். அந்த வழியாகப் போன கணக்குப்பிள்ளைக்குப் புரியவில்லை: "நேத்தும் ஒண்ணு, இன்னைக்கும் ஒண்ணு. இதுல எது தப்பிரும்னு இப்படி நின்னு எண்ணுற?"

எட்டும் ஒன்றும்

ஆடி பதினாறாம் தேதி காலை, ஆபீசரை அழைத்துவர மெட்டுக்குப் போகுமுன் பாப்பச்சன் என் குடிசைக்கு வந்தான். கையில் ஒரு கூடை. போடிக் கடையில் வாங்கிய ஆப்பிள், கொடைக்கானல் பக்கத்துச் சரக்கு, எட்டு. நல்ல சிவப்பு. "ஆபீசருக்கு எட்டு வேணும், எட்டு உண்டு. ஆப்பிள் ஆப்பிள்தான் சேட்டா. ஒண்ணும் மிண்டண்டா, சும்மா நின்னா மதி," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டான். வாயைத் திறக்காமல் நிற்கச் சொன்னான். வாழ்க்கையில் எனக்குச் சுலபமாக வருகிற ஒரே காரியம் அதுதான்.

கூடையை மூடினேன். திறந்தேன். எண்ணினேன், எட்டுதான். ஒன்றிலாவது மைப் பொட்டு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. என் புகை பிடித்த கண்ணுக்கே அது வேறு மரத்துப் பழம் என்று தெரிந்தது. ஏழாம் கட்டத்தில் எட்டு என்று என் கையால் எழுத வேண்டும். மரத்தில் இருப்பது ஒன்று. எழுதினால் கண் தப்பும். எழுதாவிட்டால் கணக்கு தப்பாது. கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டு மரத்தடிக்குப் போய் நின்றேன்.

சித்திரையில் இருந்த அதே ஐந்து பேரும் அன்று அங்கே இருந்தோம். ஆபீசர் தாளை விரித்துக்கொண்டு, "எட்டும் பறிச்சாச்சா சின்னச்சாமி?" என்றார். மூன்று மாதத்தில் நான் அவரிடம் நேரே சொன்னதெல்லாம் சரிங்கய்யா, ஆமாங்கய்யா இரண்டுதான். மூன்றாவதாகச் சொன்னேன்: "ஒண்ணுதாங்கய்யா இருக்கு. ஏழு குறையுது." அப்புறம் எப்படியோ எல்லாம் வந்துவிட்டது, முத்தம்மா, பருவம், ஒன்பது வரி, எல்லாம். கூடையைப் பற்றியும் சொன்னேன். பாப்பச்சன் ஜீப் சக்கரத்தைக் குனிந்து பார்த்தான். முத்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நாந்தான் சார் பறிச்சேன், இவுகளை ஒண்ணும் சொல்லாதீக," என்றாள்.

ஆபீசர் கத்தியை எடுத்தார். ஒற்றைப் பழத்தைப் பறித்து வெட்டினார். பழுப்பாகிற வரை ஐந்து பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம். பிறகு என் ஒன்பது வரியை வாங்கி இரண்டு தடவை படித்தார். கணக்குப்பிள்ளையைப் பார்த்துத் திரும்பினார். "ஒரு பழத்தை வச்சு ஏழாவது கட்டத்தை நிரப்ப முடியாது. மரத்துல பழுக்கிறதையும் பறிச்சு வச்சதையும் சேர்த்துப் பாக்கணும். அடுத்த வருஷமும் மரம் நிக்கணும், இதே ஆள் எண்ணணும்னு முதலாளிகிட்டச் சொல்லுங்க."

"நிரம்பியிருந்தா?" என்றார் கணக்குப்பிள்ளை.

"நிரம்பியிருந்தா எனக்கு இங்க என்ன வேலை. நன்றி சொல்லிட்டு இன்னைக்கே இறங்கியிருப்பேன்."

கணக்குப்பிள்ளை ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார். ஆடி பதினாறோடு ஆப்பிள் சோலி முடியும் என்று முதலாளி மரம் வெட்ட மறுநாளே ஆள் வரச் சொல்லியிருந்தாராம். இனிப் போய் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமாம். நான் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாப்பச்சன் கூடையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். ஆபீசர் ஒரு பழத்தைத் துடைத்து என் கையில் கொடுத்தார். நான் ஆப்பிள் தின்றது அதுதான் முதல் தடவை, அதுவும் கடையில் வாங்கியது. முத்தம்மா ஒன்றை எடுத்து, அமுக்கிப் பார்த்து, இது பழுத்துப்போச்சு என்று கூடையிலேயே வைத்துவிட்டாள். பிறகு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துச் சொன்னாள்: "நான் நல்ல பருவத்துல பறிச்சதாலதான் இத்தனையும் நின்னுச்சு, அதை யாராச்சும் ஒத்துக்கிறீகளா?"

அந்த வருஷத்துக் கணக்கை இன்றைக்குக் கேட்டாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன்: குறைந்த பழம் ஏழு, மிஞ்சிய மரமும் ஏழு.